அது கப்பல் இரும்பு இல்லை, பாப்பா

பாப்பா,

நீ கேட்டது ஒரே ஒரு பக்கம். அந்த இரும்புத் துண்டு என் கைக்கு எப்படி வந்தது என்று என் வார்த்தையிலேயே எழுதி அனுப்பச் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தில், அந்தக் கப்பலில் போனவர்களின் குடும்பங்கள் கூடும் கூட்டத்தில் அதை இங்கிலீஷில் வாசிக்கப் போவதாகச் சொன்னாய். திங்கட்கிழமையிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நாலு தாள் கிழித்தாயிற்று. "பொண்ணுக்கு லெட்டர் எழுதுறியா, கலெக்டருக்கு மனு எழுதுறியா? ஒரு பக்கத்துக்கு இன்னா இவ்ளோ பேஜாரு?" என்று உங்கம்மா கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு என்ன, எழுதப் போவது நான்தானே.

இது நீ கேட்ட பக்கம் இல்லை. இதை அங்கே வாசித்துவிடாதே. முதலில் நீ தனியாக உட்கார்ந்து படி. சுற்றி வளைத்தால் எனக்குத் தைரியம் போய்விடும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் பெட்டியில் துணி சுற்றி வைத்திருக்கும் துண்டு கப்பல் இரும்பு இல்லை. ஆரணி ஆற்றில் மணல் அள்ளி ஓய்ந்துபோன ஒரு டிப்பர் லாரியின் பக்கத் தகடு அது. உனக்கு எட்டு வயதில் நானே வெட்டி, நானே சாயம் பூசி, கப்பல் என்று பொய் சொல்லி உன் கையில் கொடுத்தேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ கூப்பிடும்போதெல்லாம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீயோ அந்தத் துண்டை நீ கொடுக்கப் போகிற வயதான அம்மாவைப் பற்றியே பேசினாய். அவர் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அப்பா அந்தக் கப்பலில் போனதையும், தண்ணீருக்கடியில் வந்த டார்ப்பிடோ குண்டு அடித்த அன்று அந்த அப்பா கீழ்த்தளத்தில் இருந்ததையும், உடலைக் கடலிலேயே விட்டுவிட்டதையும் சொன்னாய். கல்லறைகூட இல்லாத அப்பா. "அந்தத் துண்ட தலகாணி பக்கத்துல வச்சிக்கப் போறாங்களாம்பா" என்று சொன்னாய். ஒரு பெண்பிள்ளை எண்பது வயதுக்கு மேல் தன் அப்பன் என்று நினைத்து மணல் லாரியின் தகட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவதா? சிக்னல் சரியில்லை என்று சொல்லி போனை வைத்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அந்தக் குடும்பங்கள் எல்லோருமாகச் சேர்ந்து எழுதிவைத்திருக்கும் கப்பலின் வரலாற்றை நீ போனில் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாயே, அன்றைக்கு நான் மாடியில் நின்று கேட்டேன். இங்கிலாந்தில் கட்டினது. லைட் க்ரூசர் என்று வகை. பெரிய போர்க்கப்பலைவிடச் சின்னது, வேகம் அதிகம். வடக்கே பனிக்கடலில் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போனது. டார்ப்பிடோ பட்டும் மூழ்காமல் தானே துறைமுகம் போய்ச் சேர்ந்தது. பழுது பார்த்து, கிழக்குக் கடலுக்கு அனுப்பினார்கள். உலகப் போர் முடிந்து சில வருஷம் கழித்து நம் நாடு வாங்கி, வேறு பெயர் வைத்தது. கடைசிக் காலத்தில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கப்பல். ஏகாம்பரம் மாமா டீக்கடையில் உட்கார்ந்து உனக்குச் சொன்ன கதையும் இதுவும் அநேகமாக ஒன்றுதான் என்று நீ ஆச்சரியப்பட்டாய். பீரங்கிமேல் உறைந்த பனியைச் சுத்தியலால் தட்டி உடைத்தது வரைக்கும் சரியாக இருக்கிறது என்றாய். கடைசி வரியில், உடைப்பதற்காக விற்கப்பட்டது என்று மட்டும் இருப்பதாகச் சொன்னாய். அதற்குக் கீழே அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதற்குக் கீழே இருப்பது நானும் ஏகாம்பரமும்தான்.

அப்போது எனக்கு உன்னைவிடச் சின்ன வயது. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் மில்லில், பழைய இரும்பைப் பிரிக்கும் ஸ்க்ராப் யார்டில் வேலை. உங்கம்மா அப்போது யாரென்றே எனக்குத் தெரியாது. ஏகாம்பரம் உலைப் பக்கம். நான் பிரித்துக் கொடுக்கும் இரும்பை அவன் உலைக்குள் போடுவான். புதுவாயலிலிருந்து ஒரே சைக்கிளில் இரண்டு பேரும் போவோம். போகும்போது அவன் மிதிப்பான், வரும்போதும் அவனையே மிதிக்க வைத்துவிடுவேன்.

ஒருநாள் மேற்குக் கரையிலிருந்து வரிசையாக லாரிகள் வந்தன. சாம்பல் நிறத் தகடுகள், ஒவ்வொன்றும் நம் வீட்டுக் கதவு அகலம், இடையில் குழாய்கள். கூடவே ஒரு பெரியவர் வந்தார். நம் நேவியில் அதே கப்பலில் பாய்லர் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கப்பல் உடைக்கும் இடத்திலேயே சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தார். தூத்துக்குடிக்காரர். எடைமேடையில் லாரி ஏறும்போது தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே நின்றார். "ஏலே தம்பிகளா, பாத்துப் போடுங்கல. இது டார்ப்பிடோ வாங்கியும் முங்காத கப்பலு" என்றார். மூன்று நாள் லோடு இறங்கி முடியும் வரைக்கும் அந்தக் கப்பலின் கதை முழுக்கச் சொன்னார். ஏகாம்பரம் வாயைப் பிளந்து கேட்டான். நானும்தான். அதுவரைக்கும் எனக்கு இரும்பு என்றால் இரும்பு, அவ்வளவுதான். அந்த மூன்று நாளும் ஒவ்வொரு தகட்டையும் புரட்டிப் பார்த்து இறக்கினேன்.

என் வேலையை உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. கேள். பித்தளை தனி, வார்ப்பிரும்பு தனி என்று பிரிப்பது பெரிய வித்தை இல்லை. குழாய் வந்தால்தான் உயிர்ப் பிரச்சினை. இரண்டு முனையும் அடைத்த குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருந்தாலும், உருகின இரும்பில் விழுந்த நொடி வெடிக்கும். அதனால் ஒவ்வொரு குழாயையும் தூக்கி, ஒரு கண்ணை மூடி, அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் சாக்பீஸால் ஒரு கோடு. வளைந்த குழாயில் வெளிச்சம் தெரியாது, அதை நடுவில் கேஸ் கட்டரால் வெட்டிப் பார்த்த பிறகுதான் கோடு. கோடு இல்லாத குழாயை உலைக்காரன் தொட மாட்டான். கோடு இருந்தால் கேள்வி கேட்க மாட்டான். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கோடுதான் பேச்சு.

மூன்றாம் நாள் மத்தியானம், ஷிப்டு முடியச் சங்கு ஊதப் போகிற நேரம். அந்தப் பெரியவர் கிளம்பிவிட்டார். எனக்கு அந்தக் கப்பலில் ஒரு துண்டு வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. நாளைக்கு எல்லாம் உருகிவிடும். கேஸ் கட்டர் கையில் இருக்கிறது. முன்னால் அதே கப்பலின் வளைந்த குழாய் ஒன்று கிடக்கிறது. இரண்டு முனையிலும் அழுக்கு அடைத்து, துரு ஏறி. அதை வெட்ட வேண்டும். தகட்டில் துண்டு வெட்டவும் வேண்டும். இரண்டுக்கும் நேரம் இல்லை. குழாயை வெட்டாமல், பார்க்காமல், ஒரு கோடு இழுத்துவிட்டுத் தகட்டில் உட்கார்ந்தேன். உள்ளங்கை அளவுத் துண்டு, ரிவெட் ஆணி இருந்த இரண்டு ஓட்டை. சூடு ஆறும் முன்னே துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டேன். கை சுட்டது. சந்தோஷமாக இருந்தது, பாப்பா. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஏகாம்பரம் அன்றைக்கு இரண்டு ஷிப்டு. நான் சைக்கிள் ஸ்டாண்டில் இருக்கும்போது சத்தம் கேட்டது. கூரைத் தகரம் ஒன்று பறந்து ரோட்டில் விழுந்தது.

அவன் கழுத்தில் இருக்கும் தழும்பு உனக்குத் தெரியும். வலது கை தோளுக்கு மேலே தூக்க வராது என்பதும் தெரியும். அதனால்தான் அவன் கடையில் டீயை உயரத் தூக்கி ஆற்றுவது கிடையாது, இடது கையால் ஊற்றிக் கலக்கிக் கொடுப்பான். குழாயின் சில்லு ஒன்று தோளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. எடுத்தால் நரம்பு போகும் என்று டாக்டர் அப்படியே விட்டுத் தைத்துவிட்டார். சின்ன வயதில் நீ அவன் மடியில் உட்கார்ந்து அந்த மேட்டை அழுத்திப் பார்த்து, "மாமா, இன்னா உள்ள பட்டாணி கீது?" என்று கேட்பாய். அவனும் சிரித்துக்கொண்டே அழுத்தக் கொடுப்பான்.

இதுவரைக்கும் நடந்தது தப்பு. அவசரம், ஆசை, சின்ன வயது என்று ஏதாவது சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். அடுத்து நான் செய்ததற்கு ஒன்றும் சொல்ல முடியாது.

ஆபீசில் கூப்பிட்டு விசாரித்தார்கள். வளைந்த குழாயில் கோடு போட்டாயா என்று கேட்டார்கள். "இல்ல சார், அத நான் இன்னும் பாக்கவே இல்ல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், ஒரே ஒரு வாக்கியம். குழாய் துண்டு துண்டாகப் போய்விட்டது, கோட்டை யாரும் காட்ட முடியாது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தவனிடம் போய்க் கேட்டார்கள். கோடு பார்த்தேன் என்று அவன் சொன்னான். பிரிக்கிறவன் போடவே இல்லை என்கிறானே என்றார்கள். கோடு இல்லாத குழாயை ஏகாம்பரம் கவனக்குறைவாகப் போட்டான் என்று எழுதி முடித்தார்கள். பத்து நாள் கழித்து நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கோடு பாத்த மாதிரிதான் இருந்துச்சுடா. அவசரத்துல கண்ணு ஏமாத்திச்சு போல. நல்லவேள, நீ அங்க இல்ல" என்றான். நான் பழத்தை உரித்துக் கொடுத்தேன். தின்றான்.

உலை மறுபடியும் ஓடின முதல் நாளே அந்தத் துண்டை உள்ளே போட்டுவிட்டேன். வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை. ஆகவே நிஜமான துண்டு கொஞ்ச காலம்தான் என்னிடம் இருந்தது. அது எந்த ஊரில் யார் வீட்டுக் கூரைக்குக் கம்பியாகப் போனதோ தெரியாது.

அப்புறம் நீ வந்தாய், பள்ளிக்கூடம் போனாய், கண்காட்சி வந்தது. நான் ஒரு துண்டு வெட்டி எடுத்ததை அந்த அவசரத்திலும் பார்த்திருந்தான் ஏகாம்பரம். அதை உன்னிடம் உளறிவிட்டான். "அப்பா, அந்தக் கப்பல் துண்டு எங்கப்பா?" என்று நீ மூன்று நாள் சோறு தின்னாமல் அழுதாய். போட்டுவிட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாய். ஏன் என்று சொன்னால் குழாயையும் சொல்ல வேண்டும். லாரித் தகட்டை வெட்டி, இரண்டு ஓட்டை போட்டு, சிவப்பு, பச்சை, சாம்பல் என்று மாற்றி மாற்றிப் பூசி, உப்புத்தாளால் தேய்த்தேன். உங்கம்மா லுங்கியில் சாயத்தைப் பார்த்துவிட்டு, "கொழந்தைய ஏமாத்துறியே, உருப்படுவியா நீ?" என்றாள். அவளுக்கு அது மட்டும்தான் தெரியும். உனக்கு முதல் பரிசு. ஏகாம்பரம் கடையைச் சாத்திவிட்டுப் பார்க்க வந்தான். அதை இடது கையால் தடவினான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தத் துண்டை வைத்துக்கொண்டுதான் நீ கப்பல் கட்டும் படிப்புக்குப் போனாய். அதனால் எல்லாம் நன்மைக்கே என்று பல வருஷம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். நீ பெரிய படிப்புப் படித்தவள், ஒருநாள் அங்கே யாராவது மிஷினில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்ற பயமும் எனக்கு உண்டு. பயத்தால்தான் சொல்கிறேனா, அந்த அம்மாவுக்காகச் சொல்கிறேனா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. யார்டில் நாற்பது வருஷம் பிரித்தவன் நான்.

உன்னிடம் சொல்வதற்கு முன்னால் சொல்ல வேண்டிய ஆள் ஒருவன் இருக்கிறான் என்று நேற்றுத்தான் உறைத்தது. மத்தியானம் மூன்று மணிக்கு ஜங்ஷனில் அவன் டீக்கடைக்குப் போனேன். ஷிப்டு விடாத நேரம், கடையில் ஆள் இல்லை. அவன் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஏகாம்பரம், அந்தக் குழாய்ல கோடு இருந்துச்சுடா."

"எந்தக் குழா?" என்றான். கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, குழாயடியில் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

"நான்தான் போட்டேன். வெட்டிப் பாக்காம போட்டேன். ஆபீஸ்ல இல்லன்னு சொல்லிட்டேன்."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு."

குழாயை மூடினான். "நான் பாத்தேன்னு சொன்னேன்ல? படுத்துகினே சொன்னேன்ல, வெள்ளையா கோடு பாத்தேன்னு? எம் பொண்டாட்டி நம்பல. அப்பால நானே நம்பல."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கை போனது போவட்டும்டா. எங்கண்ண நானே நம்பாத மாறி பண்ணிட்டியேடா. கட மூடிகினு ஊட்டுக்குப் போனா, கேஸ மூடினனா இல்லியான்னு மூணு தபா திரும்பி வந்து பாக்கறேன். தெனம். இன்னிக்கி வரிக்கும். உனக்குத் தெரியும்ல?"

எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். மாமாவுக்கு மறதி, மாமாவுக்கு மறதி என்று நீயும் நானும் கேலி செய்து சிரித்திருக்கிறோம். நான் முதலில் சிரிப்பேன், என்னைப் பார்த்து நீ சிரிப்பாய். அந்தச் சிரிப்புக்காகவும் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அது உன்னுடைய தப்பு இல்லை.

ஷிப்டு விட்டு ஆட்கள் வந்தார்கள். எல்லோருக்கும் டீ போட்டான். எனக்குப் போடவில்லை. நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். கூட்டம் கலைந்த பிறகு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"பாப்பாவுக்குத் தெரியுமா?"

"இனிமேதான் எழுதணும்."

"அந்தத் துண்டு?"

"லாரித் தகடு."

"அடப்பாவி. அதத் தொட்டு அழுதனேடா நான்." அந்த வயதான அம்மாவைப் பற்றி நீ அவனிடமும் போனில் சொல்லியிருக்கிறாய் போலிருக்கிறது. "அந்தம்மா இன்னா கேக்குது? அவங்க நைனா செத்த கப்பலு. அதுல ஒரு துண்டு கண்ணால பாக்கணும், அவ்ளோதான?" என்றான். இடது கையைத் தூக்கி வலது தோளில் வைத்தான். "இங்க கீது. இது ஒண்ணுதான் மிச்சம்."

அந்தக் கப்பலில் ஒரு துண்டுகூட மிச்சம் இல்லை என்றே நாற்பது வருஷமாக நினைத்திருந்தேன், பாப்பா. அது என் கண் எதிரிலேயே டீ போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"ஞாயித்துக்கெழம பாப்பாவ வீடியோல வரச் சொல்லு" என்றான். "அந்தம்மாவுக்கு நான் காட்டறேன். எப்படி உள்ள போச்சுன்னும் சொல்றேன், பாப்பா இங்கிலீஷ்ல சொல்லட்டும். கோடு இருந்துச்சுன்னும் சொல்லச் சொல்லு. அத மட்டும் உடக்கூடாது." எழுந்து போய் அடுப்பை அணைத்தான். அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "எனக்கு ஒரு கையில போனும் புடிச்சிகினு சட்டையும் கழட்ட வராது. நீ வந்து போன புடி. உன் மூஞ்சி தெரியக் கூடாது."

என்னை மன்னித்தானா என்று நீ கேட்பாய். இல்லை. கேட்கவும் இல்லை நான். நீயும் அப்பா என்பதற்காக அவசரப்பட்டு மன்னித்துவிடாதே. கோபம் வந்தால் கோபப்படு, பேசாமல் இருக்க வேண்டும் என்றால் இரு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதே. லாரித் தகட்டையும் எடுத்துக்கொண்டு போ, அது என்னவென்று அவர்களிடம் சொல். வெட்கமாகத்தான் இருக்கும். அந்த வெட்கம் உன்னுடையது இல்லை, என்னுடையது. என் பேரைச் சொல்லி இறக்கி வை. அவர்கள் எழுதிவைத்திருக்கும் வரலாற்றில் கடைசி வரிக்குக் கீழே இடம் இருந்தால், ஏகாம்பரத்தின் பேரைச் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பார். அவனும் அந்தக் கப்பலில் அடிபட்டவன்தான்.

உங்கம்மாவிடமும் சொல்லிவிட்டேன். நாஷ்டா மட்டும் வைத்துவிட்டுப் போனாள். ஏகாம்பரத்துக்குப் புதுச்சட்டை எடுக்க அவளே கும்மிடிப்பூண்டி கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள். கழற்றப் போகிற சட்டைக்கு எதற்குப் புதுசு என்று கேட்க நினைத்தேன், வாயை மூடிக்கொண்டேன்.

உங்களுக்குக் காலை பதினோரு மணி என்றாய். இங்கே சாயங்காலம், நல்ல வெளிச்சம் இருக்கும். கடை வாசலில் பெஞ்சைப் போட்டு உட்கார வைக்கிறேன். தோள் நன்றாகத் தெரிகிற மாதிரி கிட்டத்தில் பிடிக்கிறேன். இந்தத் தடவை பார்க்காமல் எதையும் விட மாட்டேன். அந்த அம்மாவை அவசரப்படுத்தாதே, வேண்டிய மட்டும் பார்க்கட்டும். படம் கொஞ்சம் ஆடும். அவன் ஆட்டுகிறான் என்று நினைத்துவிடாதே, அவன் ஆடாமல் உட்கார்ந்திருப்பான். போனைப் பிடித்திருப்பது நான்.

உன் அப்பா